பாஞ்சோவின் குட்டைத் தந்தியைச் சேர்த்தது யார்?

கேட்கப்பட்டவை இவை: பாஞ்சோ அமெரிக்கக் கருவியா, ஆப்பிரிக்கக் கருவியா? ஐந்தாவது தந்தி மட்டும் ஏன் குட்டையாக, கழுத்தின் பாதியிலிருந்து புறப்படுகிறது? அதைச் சேர்த்தவர் ஸ்வீனி என்பவர்தானா? நாலு தந்தி பாஞ்சோ என்றும் விற்கிறார்களே, அது என்ன? கற்றுக்கொள்ள எதை வாங்குவது?

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுகிறேன். மும்பைப் பக்கம் பாஞ்சோ என்றால் பெரும்பாலும் டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவைத்தான் சொல்கிறார்கள். கணபதி ஊர்வலத்து 'பாஞ்சோ பார்ட்டி'யில் அலறுவது அதுதான். 1912 வாக்கில் ஜப்பானின் நகோயாவில் உருவான தாய்ஷோகோட்டோ என்ற கருவியின் வழியில் வந்தது அது. இங்கே பேசப்போவது வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நீளக் கழுத்து வைத்த அமெரிக்க பாஞ்சோவைப் பற்றி.

சுருக்கமான பதில்: கருவியின் கருத்தும் வாசிக்கும் முறையும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. பாஞ்சோ என்று அடையாளம் காணும்படியான கருவி உருவானது கரீபியத் தீவுகளில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையால். இன்று கடையில் பார்க்கும் மரமும் உலோகமும் திருகாணியுமான வடிவம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வந்தது. குட்டைத் தந்தியை ஸ்வீனி சேர்க்கவில்லை. இனி விரிவாக.

மேற்கு ஆப்பிரிக்காவில் தோல் போர்த்திய தந்திக் கருவிகள் ஏராளம். மாண்டே மக்களின் பாணர் மரபில் வரும் 'ங்கோனி', வோலோஃப் மக்களின் 'ஹாலம்' இரண்டும் வெளியுலகில் பெயர் பெற்றவை. இவற்றின் உடல் மரத்தைக் குடைந்து செய்தது. வாசிப்பவர்கள் பரம்பரைக் கலைஞர்கள். வெகுகாலம் பாஞ்சோவின் மூதாதையை ஆய்வாளர்கள் இந்தப் பாணர் கருவிகளுக்குள்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். காம்பியா, செனகலின் கசமான்ஸ், கினி-பிசாவு பகுதிகளில் வாழும் ஜோலா மக்களிடம் 'அகோன்டிங்' என்று ஒன்று இருப்பதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதை வாசிப்பவர்கள் அரசவைப் பாணர்கள் அல்ல. நெல் விதைக்கிற, மாலையில் பனங்கள்ளோடு உட்காருகிற சாதாரணக் குடியானவர்கள். ஜோலா இனத்தைச் சேர்ந்த டேனியல் லேமுவாஹுமா ஜட்டா அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இடத்தில் பாஞ்சோவைக் கேட்டார். நம் அப்பா வாசிக்கும் அகோன்டிங் மாதிரி இருக்கிறதே என்று ஆராயப் புகுந்தவர், 2000ஆம் ஆண்டில் அமெரிக்க பாஞ்சோ சேகரிப்பாளர்களின் கூட்டத்தில் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். பாஞ்சோ வரலாறு எழுதுகிறவர்கள் தங்கள் வரைபடத்தையே திருத்த வேண்டிவந்தது.

அகோன்டிங்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுக்கை, அதன் வாயில் ஆட்டுத்தோல். ஒரு கழி குடுக்கையை ஊடுருவி மறுபுறம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் கழுத்து. தோலின்மேல் ஒட்டாமல் நிற்கும் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டை. மூன்று தந்திகள்: இரண்டு நீளம், ஒன்று குட்டை. இப்போது மீன்பிடி நைலான் நரம்பு கட்டுகிறார்கள். வலது கையின் சுட்டுவிரல் நகம் நீளத் தந்தியை மேலிருந்து கீழாக அடிக்கும். கை திரும்பும்போது கட்டைவிரல் குட்டைத் தந்தியைச் சுண்டிவிடும். பாடுகிறவரின் குரலுக்கு அடியில் இந்தச் சுண்டல் நிற்காமல் ஓடும். அமெரிக்க மலைப்பகுதிக்காரர்கள் 'கிளாஹேமர்' என்று சொல்லும் வாசிப்பு முறையைப் பார்த்திருந்தால், அதே கை அசைவு என்று உடனே தெரிந்துவிடும். 1855இல் பாஸ்டனில் அச்சான பிரிக்ஸின் பாஞ்சோ பயிற்சி நூலும் இதே அடியைத்தான் கற்பிக்கிறது. ஒரு கருவியின் தோற்றத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துவிடலாம். கையின் பழக்கம் அப்படியல்ல, பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். எனக்கு எல்லா ஆதாரங்களையும்விட இது பெரிதாகப் படுகிறது.

குட்டைத் தந்தி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். வீணையில் பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் ஸ்வரம் பிடிப்பதில்லை. சுருதிக்கும் தாளத்துக்கும் சும்மா மீட்டுவது. பாஞ்சோவின் ஐந்தாவது தந்திக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். எல்லாவற்றிலும் உச்ச ஸ்தாயியில் இருப்பது, ஆனால் தடித்த தந்திக்குப் பக்கத்தில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரச் சுருதியை முழு நீளத்தில் ஏற்றினால், அந்தக் காலத்து நரம்பு அறுந்துவிடும். அதனால் பாதி வழியில் ஒரு பிரடை வைத்து அங்கிருந்தே கட்டினார்கள். கிதார் வாசிப்பவர்கள் பாஞ்சோவை எடுத்ததும் தடுமாறுவது இங்கேதான்: மேலே இருக்கும் தந்தி தடித்த ஒலி தரும் என்று கை எதிர்பார்க்கிறது, அது கீச்சென்று கத்துகிறது.

ஆனால் அகோன்டிங்தான் கப்பலேறிப் போய் பாஞ்சோ ஆனது என்று நேராகச் சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்கக் கருவிகளின் கழுத்து உருண்டைக் கழி. தந்தியைக் கழியில் சுற்றிய கட்டுகளை நகர்த்திச் சுருதி கூட்டுவார்கள். பாஞ்சோவுக்குத் தட்டையான கழுத்தும் திருகும் பிரடைகளும் உண்டு. இவை ஐரோப்பியக் கருவிகளிலிருந்து எடுத்துக்கொண்டவை. ஜோலா, வோலோஃப், மாண்டே, இன்னும் எத்தனையோ இனத்தவரை ஒரே தோட்டத்தில் அடைத்துப்போட்ட இடத்தில், ஆளுக்கொரு கருவியின் நினைவும் எஜமானன் வீட்டு கிதாரின் உருவமும் சேர்ந்து புதிதாக ஒன்று பிறந்தது. அது நடந்தது 17ஆம் நூற்றாண்டின் கரீபியக் கரும்புத் தோட்டங்களில்.

அதை நேரில் கண்டு எழுதியவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் ஸ்லோன், லண்டன் மருத்துவர். பின்னாளில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அடித்தளமானது இவருடைய சேகரிப்புதான். 1687இல் ஜமைக்கா ஆளுநரின் வைத்தியராகப் போனவர், அங்கே கண்டதை 1707இல் புத்தகமாக்கினார். சிறு சுரைக்குடுக்கையில் கழுத்து பொருத்தி, குதிரை மயிரையோ உரித்த கொடித் தண்டையோ தந்தியாகக் கட்டியிருந்தார்கள் என்று எழுதி, படமும் போட்டிருக்கிறார். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: முன்பு முரசும் எக்காளமும் வைத்துக்கொள்ள விட்டிருந்தார்கள், ஆப்பிரிக்காவில் அவை போருக்குப் பயன்பட்டவை என்பதால் கலகத்தைத் தூண்டும் என்று தடுத்துவிட்டார்கள். தென் கரோலினாவிலும் இப்படித்தான். அடிமைகள் நடத்திய 1739 ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பிறகு 1740இல் வந்த சட்டம் முரசு, கொம்பு இரண்டையும் விலக்கியது. சத்தம் போடும் கருவிகள் பிடுங்கப்பட்ட இடத்தில், தோட்டக்காரர்கள் ஆபத்தில்லாதது என்று நினைத்த சுரைக்குடுக்கை தப்பியது. அதன் தோல்மேலும் தாளம் போடலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

அமெரிக்க நிலப்பரப்பில் 1736இலேயே ஒரு நியூயார்க் பத்திரிகை, விடுமுறை நாளில் கறுப்பினத்தவர் பாஞ்சோ வாசித்து ஆடியதைக் குறிப்பிடுகிறது. 1774இல் மேரிலாந்தில் நிக்கோலஸ் கிரெஸ்வெல் என்ற ஆங்கிலேயர் ஞாயிற்றுக்கிழமைக் கூத்து ஒன்றைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினார்: சுரைக்குடுக்கை, நாலே தந்தி, எஜமானர்கள் தங்களை நடத்தும் விதத்தை நக்கலாகப் பாட்டில் வைத்துப் பாடுகிறார்கள். இந்த நக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அது திசை மாறப்போகிறது. தாமஸ் ஜெஃபர்சனும் தன் வர்ஜீனியா நூலில் இதை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கருவி என்றே எழுதினார். இதுதான் கிதாருக்கு மூலம் என்று கூடவே சொன்னது பிசகு.

இப்போது ஸ்வீனி. ஜோயல் வாக்கர் ஸ்வீனி, வர்ஜீனியாவின் அபோமாட்டாக்ஸ் பக்கத்துக்காரர், பிறந்தது 1810இல். சுற்றுவட்டாரத்துக் கறுப்பினத்தவரிடம் பாஞ்சோ கற்று, 1830களில் மேடையேறியவர். பெயர் தெரிந்த வெள்ளையர்களில் முதல் பாஞ்சோ கலைஞர் இவர்தான் என்பதில் தகராறில்லை. ஆனால் இவர்தான் ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார், ஆகவே நவீன பாஞ்சோவைக் கண்டுபிடித்தார் என்று பின்னால் ஒரு கதை கட்டினார்கள். அதைக் கவிழ்க்க இரண்டு பொருள்கள் போதும்.

ஒன்று நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1770களில் தென் அமெரிக்காவின் சூரினாமில் படைவீரராக இருந்த ஜான் கேப்ரியல் ஸ்டெட்மன் கொண்டுவந்தது. இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய பாஞ்சோ என்று கருதப்படுவது. சுரைக்குடுக்கை உடலில் மூன்று நீளத் தந்தி, ஒரு குட்டைத் தந்தி. இரண்டாவது, வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள ஒரு நீர்வண்ண ஓவியம். தென் கரோலினாவின் பியூஃபர்ட் பகுதியில் ஜான் ரோஸ் என்ற தோட்டக்காரர் 1785-90 வாக்கில் வரைந்தது. வலப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து பாஞ்சோ வாசிக்கிறார், முன்னே ஒருவர் கோலைப் பிடித்து ஆடுகிறார், பெண்கள் துணியோடு நிற்கிறார்கள். அந்த பாஞ்சோவின் கழுத்துப் பக்கவாட்டில் குட்டைத் தந்தியின் பிரடை தெளிவாகத் தெரிகிறது. ஸ்வீனி பிறக்க இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. ஸ்வீனி எதையாவது சேர்த்திருந்தால் அது அடிப்பக்கத்துத் தடித்த நீளத் தந்தியாக இருக்கலாம். குட்டைத் தந்தி அவருடையதே அல்ல.

பின் ஏன் அவர் பெயருக்கு எழுதினார்கள்? மின்ஸ்ட்ரல் மேடைதான் காரணம். வெள்ளைக்காரர்கள் எரித்த தக்கைக் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைக் கோமாளிகளாகக் காட்டும் கூத்து அது. 1843 பிப்ரவரியில் நியூயார்க்கின் பௌரி ஆம்ஃபிதியேட்டரில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நால்வர் குழு மேடையேறியது. பிடிலில் டேன் எம்மெட், பாஞ்சோவில் பில்லி விட்லாக், இன்னும் இருவர் டாம்பூரினும் எலும்புத் தாளமும். அதே வருஷம் இங்கிலாந்துக்கும் போனார்கள், ஸ்வீனியும் போனார். அமெரிக்கா முழுக்க அரை நூற்றாண்டுக்கு இதுதான் பெரிய கேளிக்கை. எஜமானனைக் கேலி செய்த கருவி, எஜமானர்கள் அடிமைகளைக் கேலி செய்யும் கருவியானது. பாஞ்சோ இவ்வளவு பரவியதற்கும் காரணம் இந்த மேடைதான். கறுப்பினத்தவரில் பல தலைமுறைகள் அதைத் தொடக் கூசியதற்கும் இதுவே காரணம்.

மேடைக்குக் கருவி வேண்டும், சுரைக்காய் விளையும்வரை காத்திருக்க முடியாது. பால்டிமோரில் முரசு செய்துகொண்டிருந்த ஜெர்மானியரான வில்லியம் பௌச்சர் 1840களில் பாஞ்சோவும் செய்யத் தொடங்கினார். முரசுக்குப் போலவே வளைத்த மரச்சட்டம், அதன்மேல் தோல், சுற்றிலும் இரும்புக் கொக்கியும் திருகாணியும். மழைக்காலத்தில் தோல் தளர்ந்தால் திருகி ஏற்றிக்கொள்ளலாம். கழுத்தில் மெட்டு (வீணையில் இருப்பது போன்ற குறுக்குக் கம்பி) கிடையாது, தந்தி ஆட்டுக்குடல் நரம்பு. ஒலி ஆழமாக, கொஞ்சம் மந்தமாக இருக்கும். இன்றைய பாஞ்சோவின் கிணுகிணுப்பை எதிர்பார்த்துக் கேட்டால் வேறு கருவியோ என்று தோன்றும்.

அடுத்த ஐம்பது வருஷத்தை வேகமாகக் கடக்கலாம். 1870களுக்குப் பிறகு கழுத்தில் மெட்டுகள் வந்தன, 1900 வாக்கில் எஃகுத் தந்தி. ஃபிலடெல்ஃபியாவின் எஸ். எஸ். ஸ்டூவர்ட், மின்ஸ்ட்ரல் வாடையைப் போக்கி பாஞ்சோவைப் பெரியவீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுபோகப் பாடுபட்டார், பத்திரிகையே நடத்தினார். கல்லூரிகளில் பாஞ்சோ சங்கங்கள், நோட்டுப் பார்த்து விரலால் மீட்டும் கச்சேரிகள். இதில் ஒரு வேடிக்கை: ஸ்டூவர்ட் தன் விளம்பரங்களில் பெருமையாகக் காட்டிய கலைஞர்களில் ஒருவர் ஹொரேஸ் வெஸ்டன், கறுப்பினத்தவர். லண்டனில் வேல்ஸ் இளவரசருக்கு, பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவருக்கு, பாஞ்சோ கற்றுத்தந்ததாகச் சொல்லப்படும் ஜேம்ஸ் போஹியும் கறுப்பினத்தவர்தான்.

நாலு தந்தி பாஞ்சோவின் கதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகிறது. ஜோடி நடனத்துக்கு வாத்தியக்குழுக்கள் பெருகிய காலம். மாண்டலின், பிடில் வாசிப்பவர்கள் அதே விரல் பழக்கத்தோடு சத்தமான ஒன்றை வாசிக்க விரும்பினார்கள். குட்டைத் தந்தியை எடுத்துவிட்டு, கழுத்தைச் சுருக்கி, வயோலாவின் சுருதி வைத்தது டெனர் பாஞ்சோ. விரலுக்குப் பதில் பிளெக்ட்ரம் என்ற மீட்டும் சில்லு. ஜாஸ் இசையில் இது கொடிகட்டிப் பறந்ததற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு: மைக் இல்லை, ஒலிப்பதிவு என்றால் ஒரு பெரிய ஒலிக்கூம்பின் முன் நின்று வாசிப்பது. அதில் கிதார் காணாமல் போகும், பாஞ்சோ வெட்டிக்கொண்டு கேட்கும். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவில் ஜானி செயின்ட் சிர் வாசித்தது ஆறு தந்தி பாஞ்சோ. 1925இல் மின் ஒலிப்பதிவு வந்தது, கிதார் மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது, பிறகு பொருளாதாரப் பெருமந்தம். டெனரின் காலம் அமெரிக்காவில் முடிந்தது. அயர்லாந்தில் முடியவில்லை. டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா அதைப் பிடிலுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டி வாசித்தார்; அங்கே இன்றும் பாஞ்சோ என்றால் அதுதான்.

டெனர் மோகத்தின் எச்சம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. கிப்சன் நிறுவனம் 1925இல் மாஸ்டர்டோன் வரிசையைக் கொண்டுவந்தது. தோலுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே கனமான உலோக வளையம் வைத்த பாஞ்சோ. விற்றதில் பெரும்பகுதி டெனர்தான், அன்றைய தேவை அது. பிற்பாடு ஐந்து தந்திக்காரர்கள் அந்த ஒலிக்கு அடிமையானார்கள், ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஐந்து தந்தி மாஸ்டர்டோன் கிடைப்பது குதிரைக் கொம்பு. என்ன செய்தார்கள்? பழைய டெனரை வாங்கி, கழுத்தைக் கழற்றிவிட்டுப் புதிய ஐந்து தந்திக் கழுத்தை மாட்டினார்கள். இன்று பெரிய விலைக்குக் கைமாறும் பல 'பழைய' கிப்சன்களின் கழுத்து அப்படி வந்ததுதான்.

ஐந்து தந்தி அந்த நாட்களில் எங்கே உயிரோடு இருந்தது? அப்பலேச்சிய மலைகளில். ரயில் பாதை போட வந்த கறுப்பினத் தொழிலாளர்கள், ஊர் ஊராகப் போன சர்க்கஸ், மின்ஸ்ட்ரல் குழுக்கள், உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் என்று பல வழியில் மலைக்கு ஏறியது. காசில்லாதவர்கள் கிரவுண்ட்ஹாக் என்ற வளைவாழ் விலங்கின் தோலைப் பதப்படுத்தித் தாங்களே செய்துகொண்டார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பாட்டுகளைத்தான் வாசித்தார்கள். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள்தான் வெள்ளையர் வாசித்ததை 'ஹில்பில்லி' என்றும் கறுப்பினத்தவர் வாசித்ததை 'ரேஸ் ரெக்கார்ட்' என்றும் பிரித்து விற்றன. கறுப்பினக் கலைஞரிடம் ப்ளூஸ் கேட்டார்கள், பாஞ்சோ கேட்கவில்லை. மலிவு கிதார் தபாலில் வந்து குவிந்தது. பாஞ்சோ மலைநாட்டு வெள்ளையரின் கருவி என்ற பிம்பம் இப்படித்தான் உண்டானது. அதற்கு வயது ஏறத்தாழ நூறுதான்.

அப்புறம் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். பிறந்தது வட கரோலினாவின் ஃப்ளின்ட் ஹில்லில், 1924இல். 1945 டிசம்பரில், புளூகிராஸ் என்ற வேகமான நாட்டுப்புற இசையின் முன்னோடியான பில் மன்றோவின் குழுவில் சேர்ந்து நாஷ்வில் ரைமன் அரங்கில் வாசித்தபோது, ஜனங்கள் கேட்டது அதுவரை கேட்காத ஒன்று. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் நகக்கவசம் மாட்டி, இடைவெளியே இல்லாமல் ஸ்வரங்களைக் கொட்டும் முறை. மூன்று விரல் வாசிப்பு அந்த வட்டாரத்தில் முன்பே இருந்தது. ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றவர்கள் வானொலியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்க்ரக்ஸ் அதை வழவழவென்று ஆக்கினார். அவருடைய அடிப்படை விரல் சுற்றை ('ரோல்' என்பார்கள்) நம் வழியில் சொல்வதென்றால், எட்டு அட்சரத்தைத் தகிட-தகிட-தக என்று பிரிப்பது. அடியில் நேரான நாலு எண்ணிக்கை ஓட, மேலே மூன்று மூன்றாக விழும் அழுத்தம் தாளத்தை இழுத்துக்கொண்டே போகும். இதற்குக் கருவியின் இயல்பும் காரணம்: தோல் மெல்லியது, தந்தியின் சக்தியைச் சட்டென்று காற்றில் வீசிவிடும், அதனால் சத்தம் அதிகம், கார்வை குறைவு. நீட்ட முடியாத கருவியில் இடத்தை நிரப்ப நிறைய ஸ்வரம் வேண்டும். புளூகிராஸ் பாஞ்சோ அவ்வளவு ஓடுவதற்கு இதுதான் காரணம், வித்தை காட்டும் ஆசை மட்டுமல்ல.

கறுப்பினத்தவர் திரும்பி வந்தது சமீபத்தில். 2005இல் வட கரோலினாவின் பூன் நகரப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களின் கூடுகை நடந்தது. அங்கே சந்தித்த இளைஞர்கள், ஜோ தாம்ஸன் என்ற முதிய பிடில் கலைஞர் வீட்டுக்குப் போய்க் கற்று, கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவாகி, 2011இல் கிராமி வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான ரியானன் கிடன்ஸ் மெட்டில்லாத பழைய மாதிரி பாஞ்சோவை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். 2024இல் பியான்சே வெளியிட்ட 'டெக்ஸஸ் ஹோல்டெம்' பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் பாஞ்சோ கிடன்ஸ் வாசித்ததே. இன்னொரு பக்கம் பேலா ஃப்ளெக் பாஞ்சோவோடு உகாண்டா, தான்சானியா, காம்பியா, மாலி என்று சுற்றி அங்குள்ள கலைஞர்களோடு வாசித்தார். ஜாகிர் ஹுசைன், ராகேஷ் சௌராசியா, எட்கர் மேயரோடு அவர் செய்த தொகுப்பு 2024இல் கிராமி பெற்றது. தபலாவுக்குப் பக்கத்தில் பாஞ்சோ எப்படி நிற்கிறது என்று கேட்க விரும்பினால் அதிலிருந்து தொடங்கலாம்.

கடைசிக் கேள்வி, எதை வாங்குவது. கிளாஹேமர் பிடித்திருந்தால் பின்பக்கம் திறந்த ஐந்து தந்தி. எடை குறைவு, ஒலி மென்மை, வீட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஸ்க்ரக்ஸ் வழிதான் வேண்டுமென்றால் பின்னால் மூடி வைத்த ஐந்து தந்தி. உலோக வளையம் வைத்தது நாலைந்து கிலோ இருக்கும், உட்கார்ந்தே பழகுங்கள். அயர்லாந்துப் பாட்டுகளுக்கு மட்டும் நாலு தந்தி டெனர். டெனரை வாங்கிவிட்டு ஐந்து தந்திப் பாடங்களை யூடியூபில் தேடுகிறவர்கள் நிறையப் பேர், அந்தத் தவறு வேண்டாம். மெட்டு வைத்ததையே வாங்குங்கள். ஆட்டுத்தோல் பார்க்க அழகு, ஆனால் சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் காலையில் ஒரு சுருதி, சாயங்காலம் ஒரு சுருதி என்று படுத்தும். 1950களின் பிற்பகுதியிலிருந்து முரசுகளுக்கு வந்த மைலார் தோல் பாஞ்சோவுக்கும் வந்துவிட்டது, அதைப் போட்டதாகப் பார்த்து எடுங்கள்.